வீட்டில் விளைந்த சின்ன வெங்காயம்: பிடுங்கும் நாள் முதல் தொங்கவிடும் நாள் வரை

சின்ன வெங்காயம் விளைவிப்பது பெரிய வித்தையில்லை. காயை மண்ணில் ஊன்றித் தண்ணீர் விட்டால் அறுபது எழுபது நாளில் கொத்துக் கொத்தாக வந்து நிற்கும். சிக்கல் அதற்கப்புறம்தான். பிடுங்கின அன்றைக்குக் கூடை நிறைய இருந்தது, ஒரு மாதம் கழித்துச் சாக்கைத் திறந்தால் பாதி கொழகொழவென்று நாறுகிறது, மீதியில் பாதி முளைத்து நிற்கிறது. தோட்டம் போட்டவர்கள் பலருக்கும் இந்தக் கதை தெரியும். யாரைக் கேட்டாலும் "நல்லா காயப்போட்டு வைங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எத்தனை நாள், வெயிலிலா நிழலிலா, தாளோடா (வெங்காய இலையோடா) தாள் இல்லாமலா, காய்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? இதையெல்லாம் நானே ஒவ்வொன்றாகக் கேட்டும் செய்து பார்த்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

இது அரை சென்ட், ஒரு சென்ட் நிலத்திலோ மாடிப் பைகளிலோ போட்டு ஐந்து கிலோ முதல் ஐம்பது கிலோ வரை எடுப்பவர்களுக்கானது. ஏக்கர் கணக்கில் போடுபவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

1. ஊன்றிய தேதியை எழுதி வையுங்கள், பாக்கெட்டை எறியாதீர்கள்

ஒரு நோட்டில் மூன்று விஷயம் போதும்: ஊன்றிய தேதி, என்ன ரகம், கடைசியாக உரம் கொடுத்த தேதி. வெங்காயத்துக்கு வேண்டிய பத்திரம் இவ்வளவுதான். ஆனால் இது இல்லாமல் பிடுங்கும் நாளைக் கணிக்க முடியாது. மாடியில் பை வைப்பவர்கள் ஒரு பட்டைத் துண்டில் எழுதிப் பையிலேயே செருகிவிடலாம். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

விதைக்காய் ஊன்றிய சின்ன வெங்காயம் 65 முதல் 70 நாளில் வரும். விதையிலிருந்து வளர்க்கும் கோ 5 போன்ற ரகம் 90 நாள் வரை எடுக்கும். பல்லாரி, அதாவது பெரிய வெங்காயம் போட்டிருந்தால் விதைத்த நாளிலிருந்து நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லாரி விஷயத்தில் விதைப் பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் ரகம் ரொம்ப முக்கியம். என்-53, அக்ரிபவுண்ட் டார்க் ரெட் இரண்டும் மழைக்காலச் சாகுபடிக்கானவை. எவ்வளவு பக்குவமாகக் காயவைத்தாலும் ரொம்ப நாள் தாங்காது, பிடுங்கியதும் சமைத்துத் தீர்த்துவிட வேண்டியதுதான். அக்ரிபவுண்ட் லைட் ரெட், என்-2-4-1 இரண்டும் மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளை வெங்காயத்தை இருப்பு வைக்க நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது பட்டம், அதாவது ஊன்றும் பருவம். தையில் ஊன்றினால் பங்குனியில் பிடுங்குவீர்கள். காற்றும் வெயிலும் உங்கள் பக்கம். ஆடி முதல் வாரத்தில் ஊன்றினால் புரட்டாசி நடுவில் வரும், சமாளித்துவிடலாம். ஆடிக் கடைசியில் ஊன்றினால்தான் வம்பு. எழுபது நாளை எண்ணிப் பாருங்கள், அக்டோபர் 20, 25 வாக்கில் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்கும். வெங்காயம் மண்ணுக்குள்ளும் மழை மண்ணின் மேலுமாக இருக்கும்போது ஒன்றும் செய்ய முடியாது. இருப்பு வைப்பதற்காகவே போடுகிறீர்கள் என்றால் தைப்பட்டத்தில் போடுங்கள். மற்றப் பட்டங்களில் விளைவதை அன்றாடச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. முப்பது நாளோடு உரத்தை நிறுத்துங்கள், கடைசிப் பத்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள்

வீட்டுத் தோட்டக்காரர்கள் வெங்காயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பாசத்தால்தான். ஐம்பதாவது நாளிலும் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர், மீன் அமிலம், பஞ்சகவ்யா என்று வாரம் தவறாமல் ஊற்றுவார்கள். இலை கரும்பச்சையாக, விறைப்பாக, பார்க்க அழகாக நிற்கும். அந்தத் தழைச்சத்து முழுக்கக் கழுத்துக்குப் போகும். கழுத்து தடித்த வெங்காயம் எத்தனை நாள் காயப்போட்டாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

அதனால் 30 நாளில் கடைசி மேலுரம். அதிகபட்சம் 35. அதற்குப் பிறகு இலை வெளிறினாலும் கை வைக்காதீர்கள். திட உரமோ திரவமோ, இயற்கையோ ரசாயனமோ, வெங்காயத்துக்கு வித்தியாசம் தெரியாது.

பிடுங்குவதற்குப் பத்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்த வேண்டும். களிமண்ணாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே நிறுத்திவிடலாம். மாடிப் பையில் மண் சீக்கிரம் காய்ந்துவிடும், ஐந்தாறு நாள் போதும். தண்ணீரை நிறுத்தியதும் மேல் தோல் இறுகி நிறம் ஏறத் தொடங்கும். நிறுத்தின பிறகு இலை வாடுகிறதே என்று மனசு கேட்காமல் ஒரு குடம் ஊற்றினீர்களோ, புது வேர் கிளம்பும், தோல் வெடிக்கும்.

இந்தப் பத்து நாளில் மழை பெய்தால்? ஒரு தூறலுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து பெய்யும் என்று தெரிந்தால், தாள் கொஞ்சமாவது சாயத் தொடங்கியிருக்கும் பட்சத்தில் பிடுங்கி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஈர மண்ணில் முற்றி நிற்பதைவிட வீட்டுக்குள் கொஞ்சம் இளசாகக் கிடப்பது மேல்.

3. தாள் சாய்வதைப் பாருங்கள்

எழுபது நாள் என்பது உத்தேசம்தான். உண்மையான நாளைத் தாள்தான் சொல்லும். வெங்காயம் முற்றியதும் காய்க்கு மேலே, மண்ணை ஒட்டியிருக்கும் கழுத்து உள்ளே வெற்றாகித் தளர்ந்துபோகும். தாளின் கனம் தாங்காமல் அங்கேயே மடிந்து சாயும். இலை இன்னும் பாதி பச்சையாகத்தான் இருக்கும். நுனி மட்டும் மஞ்சளாகியிருக்கும்.

பாத்தியில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டால் நாள் குறித்துக்கொள்ளலாம். முக்கால்வாசி சாயும்வரை காத்திருந்தாலும் தப்பில்லை. எல்லாம் சாய்ந்து, இலை முழுக்கச் சருகாகட்டும் என்று விட்டால் வேறு கேடு வரும். மேல் தோல் மண்ணுக்குள்ளேயே மக்கி உதிரும். கொத்து பிரிந்து தனித்தனிக் காயாகச் சிதறும். தோல் போன காய் இருப்புக்கு ஆகாது.

ஒரு ஏமாற்று வித்தை உண்டு. "காலால் மிதித்துத் தாளைச் சாய்த்துவிட்டால் சீக்கிரம் முற்றும்" என்று சொல்வார்கள். வீட்டளவில் இது வேண்டாம். முற்றாத கழுத்தை ஒடித்தால் அங்கே காயம் படும், அழுகல் அந்த வழியாகவே இறங்கும். தானாகச் சாய்ந்த கழுத்தையும் நீங்கள் சாய்த்த கழுத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். முதலாவது காலியான சுருக்குப்பை மாதிரி துவண்டிருக்கும். இரண்டாவது தண்டு போலத் திரண்டிருக்கும்.

எல்லாம் சாய்ந்தும் நாலைந்து மட்டும் கம்பீரமாக நின்றால், அல்லது நடுவில் பூந்தண்டு வந்திருந்தால், அவற்றைத் தனியாக வையுங்கள். அவை இருப்புக்கானவை அல்ல.

4. பிடுங்கும் நாள்

காலைப் பனி காய்ந்த பிறகு, எட்டு எட்டரை மணிக்கு மேல் தொடங்குங்கள். முந்தின நாளும் அன்றும் மழை இருக்கக்கூடாது. முடிந்தால் அடுத்த மூன்று நாளும்.

மண் பொலபொலவென்று இருந்தால் தாளின் அடியைப் பிடித்து இழுத்தாலே வரும். இறுகியிருந்தால் இழுக்காதீர்கள், தாள் மட்டும் கையோடு வந்துவிடும். களைக்கொத்தைக் கொத்திலிருந்து நாலு விரல் தள்ளிக் குத்தி மண்ணோடு நெம்புங்கள். நுனி காயில் பட்டுவிட்டால் அந்தக் கொத்து அன்றைக்கே சமையலறைக்கு.

செய்யக்கூடாதவை சில:

கொத்தை அப்போதே பிரிக்காதீர்கள். பச்சையாக இருக்கும்போது பிரித்தால் அடிப்பகுதி கிழியும். காய்ந்த பிறகு தொட்டாலே தானாக உதிரும்.

மண்ணைத் தட்டுவதற்காக ஒன்றோடொன்று மோதாதீர்கள், கூடைக்குத் தூரத்திலிருந்து வீசாதீர்கள். அன்று வெளியே ஒன்றும் தெரியாது. அடிபட்ட இடம் மூன்று வாரம் கழித்து மெத்தென்று அமுங்கும்.

கழுவாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் குழாயடிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். மண் காய்ந்தால் தானே உதிர்ந்துவிடும்.

தாளை அறுக்காதீர்கள். வேரையும் விட்டுவிடுங்கள்.

5. முதல் மூன்று நாள்: வெயிலில், ஆனால் வெயில் படாமல்

பிடுங்கிய இடத்திலேயே வரிசையாகப் பரப்புங்கள். முதல் வரிசையின் காய் மேல் இரண்டாம் வரிசையின் தாள் வரவேண்டும், அதன் காய் மேல் மூன்றாம் வரிசையின் தாள். இப்படி ஓடு வேய்வதுபோல் அடுக்கினால் காற்றுப் படும், சூடும் படும், நேர் வெயில் மட்டும் காயில் படாது. கடைசி வரிசைக்கு மட்டும் கொஞ்சம் காய்ந்த புல்லோ தென்னை ஓலையோ போட்டு மூடுங்கள்.

காய்வதற்குத்தானே வெயிலில் போடுகிறோம், மறைத்தால் எப்படி என்று தோன்றும். பங்குனி மத்தியான வெயில் நேராக விழுந்தால் காயின் ஒரு பக்கம் வெந்துபோகும். முதலில் அந்த இடம் வெளிறி, கண்ணாடிபோல் வழவழப்பாகும். பிறகு மெத்தென்று ஆகும். அதற்கப்புறம் அதைக் காப்பாற்ற வழியில்லை.

மாடி வைத்திருப்பவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். காங்கிரீட் தளம் மத்தியானம் கால் வைக்க முடியாத அளவு சுடும். அதன் மேல் வெங்காயத்தைப் பரப்பினால் அடியிலிருந்து வேகும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை, கீழிருந்தும் காற்று வரும். இல்லையென்றால் நாலு செங்கல் வைத்து, அதன் மேல் பழைய ஜன்னல் கம்பிவலையோ மூங்கில் தட்டியோ போடுங்கள். மேலே பச்சை நிழல்வலை கட்டினால் தாளால் மறைக்கும் வேலையும் மிச்சம்.

சாயங்காலம் பனி இறங்கும் காலமாக இருந்தால் இரவு மட்டும் மூடுங்கள். தார்ப்பாயை நேராக வெங்காயத்தின் மேல் போர்த்தினால் அடியில் வியர்த்து, காலையில் எல்லாம் நனைந்து கிடக்கும். குச்சி ஊன்றிக் கூடாரம்போல் தூக்கிக் கட்டிப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். மழை வாசனை வந்தால் யோசிக்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள்.

மூன்று நாள் போதும். மேகமூட்டமாக இருந்தால் ஐந்து. தாள் மஞ்சளாகித் துவண்டு, வேர் முறுகி, மண் தானாக உதிரும் நிலை வந்ததும் நிழலுக்கு மாற்ற வேண்டும்.

6. அடுத்த ஏழு முதல் பத்து நாள்: நிழலில் ஆறப்போடுங்கள்

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் கட்டம் இது. மூன்று நாள் காய்ந்ததும் தோல் சலசலக்கும், சாக்கில் கட்டிவிடலாம் என்று ஆசை வரும். தோல் காய்ந்திருக்கும், கழுத்து காய்ந்திருக்காது. வெங்காயத்தில் தண்ணீர் வெளியேறுவதும் பூசணம் உள்ளே இறங்குவதும் ஒரே வாசல் வழியாகத்தான். அந்த வாசல் கழுத்து. அது வற்றிச் சுருங்கி அடைபட்டுவிட்டால் உள்ளே இருக்கும் காய் மாதக்கணக்கில் தூங்கும். அடைபடாமல் வைத்தால், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் பயனில்லை.

காற்றோட்டமான நிழல் எதுவானாலும் சரி: திண்ணை, தாழ்வாரம், கார் நிறுத்துமிடம், மாமரத்தடி. ஒரே அடுக்காகப் பரப்புங்கள், அதிகம் போனால் ஒரு சாண் உயரம். நாளுக்கு ஒருமுறை கையால் மெதுவாகப் புரட்டிவிடுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஒரு அறையில் பரப்பி ஃபேனைச் சுழலவிடலாம். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரக்காற்று அங்கேயே சுற்றும். முதல் இரண்டு நாள் வீடு முழுக்க வாசனை அடிக்கும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முடிந்துவிட்டதா என்று பார்க்கக் கையே போதும். காய்க்கு மேலே கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். விரலுக்கடியில் ஏதோ வழுக்குகிறது, உள்ளே ஒரு தண்டு நழுவுகிறது என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. காகிதத்தை உருட்டுவதுபோல் சரசரத்து, இரண்டு பக்கத் தோலும் ஒன்றோடொன்று ஒட்டினால் காய்ந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் ஒன்றை அறுத்துப் பாருங்கள். வெட்டிய கழுத்தில் பச்சையோ பசையோ தெரியக்கூடாது. தரையில் கொட்டிக் கிடப்பதைக் கையால் அளைந்தால் சருகு சரசரக்கும் சத்தம் வர வேண்டும்.

எடை குறையும். பிடுங்கிய அன்று தராசில் பார்த்ததும் இப்போது பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. போனது தண்ணீரும் இலையும்தான்.

மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்பு மேலே, ஹீட்டர் பக்கத்தில், மைக்ரோவேவில் என்று சூடு காட்ட வேண்டாம். வெளியே தோல் மட்டும் வெடிக்கும். காற்றுதான் வேண்டும். ஃபேனுக்கடியில் இரண்டு வாரம் கிடந்தாலும் கிடக்கட்டும்.

7. தாளை அறுப்பதா, முடிந்து தொங்கவிடுவதா

இரண்டும் சரி. பத்துக் கிலோவுக்குள் என்றால் நான் தாளோடு கட்டித் தொங்கவிடுவேன். இருபது முப்பது காய்க் கொத்துகளைச் சேர்த்து, தாளை முறுக்கிச் சணல் கயிற்றால் கட்டி, உத்தரத்திலோ பரண் கம்பியிலோ மாட்டிவிடலாம். காய்ந்த தாள் இன்னும் சுருங்கும், முதல் வாரத்தில் கட்டு தளர்ந்து ஒவ்வொன்றாக விழும். ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும்.

அதற்கு மேல் இருந்தால் அறுத்துவிடுங்கள். கழுத்தில் இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு அங்குலம். அழகாக இருக்கட்டும் என்று காயோடு ஒட்ட அறுத்தால், இவ்வளவு நாள் பாடுபட்டு அடைத்த வாசலை நீங்களே திறந்துவிட்டதாகிவிடும். வேரைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கலாம், பிய்க்கக் கூடாது. மேல் தோலை உரித்துப் பளபளவென்று ஆக்கவும் வேண்டாம். கடைக்காரர் விற்பதற்காகப் புடைத்துத் தோல் நீக்குகிறார், நீங்கள் விற்கப்போவதில்லை.

8. பிரித்தெடுப்பது

முறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொன்றையும் லேசாக அமுக்கிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே ஒரு அழுகல் காய் சாக்குக்குள் போனால் சுற்றியிருக்கும் பத்துக் காயை இழுத்துக்கொண்டு போகும்.

கெட்டியாக, தோல் முழுசாக, கழுத்து ஒல்லியாக இருப்பவை இருப்புக்கு. கழுத்து தடித்தவை, தோல் உரிந்தவை, இரட்டையாகப் பிளந்தவை இந்த மாதச் சமையலுக்கு. வெட்டுப்பட்டவை, பொடிக் காய்கள் எல்லாம் வடகத்துக்கு. தைப்பட்டத்து வெங்காயம் கையில் வரும் பங்குனி, சித்திரை வெயில்தான் தாளிப்பு வடகம் போடும் காலமும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைத்தால் வருஷம் முழுக்கக் குழம்புக்கு ஆகும். இருப்புக்கு ஆகாத வெங்காயத்தை இருப்பு வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அமுக்கினால் மெத்தென்று போவதும் கழுத்தில் நீர் கசிவதும் உரக்குழிக்கு. அடுத்த முறை வெங்காயம் போடும் பாத்திக்கு மட்டும் அந்த உரத்தைப் போடாதீர்கள்.

தோலுக்கடியில் கரிப்பொடி தூவியதுபோல் கறுப்பாக இருந்தால் அது கரும்பூசணம். மேல் தோலோடு நின்றிருந்தால் அந்த அடுக்கை நீக்கிவிட்டு உடனே சமைத்துவிடலாம். இருப்பில் சேர்க்கக்கூடாது.

9. எங்கே, எதில், என்ன செலவில்

திண்டுக்கல், பெரம்பலூர், பல்லடம் பக்கம் வெங்காயக் காடுகளில் பட்டறை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் அடுக்கித் தரையிலிருந்து தூக்கிய மேடை, நாலைந்து அடி மட்டுமே அகலம், பக்கங்களில் மூங்கில் தட்டி அல்லது கம்பிவலை, மேலே தென்னங்கீற்று அல்லது பனையோலை. விலை ஏறும்வரை மாதக்கணக்கில் அதில்தான் வைத்திருப்பார்கள். அகலத்தை ஏன் குறைக்கிறார்கள் என்றால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். தரையை ஏன் தொடவிடுவதில்லை என்றால் மண்ணின் ஈரம் ஏறக்கூடாது. வீட்டில் எதைச் செய்தாலும் இந்த இரண்டையும் காப்பாற்றினால் போதும்.

வலைப்பை: ஐந்து கிலோ பிடிக்கும் நைலான் வலைப்பை பத்து இருபது ரூபாய்க்கு உரக்கடையில் கிடைக்கும். முக்கால் அளவு நிரப்பித் தொங்கவிடுங்கள்.

பிளாஸ்டிக் கிரேட்: காய்கறிக் கடைகளில் பழசு நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுப்பார்கள். எல்லாப் பக்கமும் ஓட்டை இருப்பதாகப் பாருங்கள். பாதி மட்டும் நிரப்பி, செங்கல் மேல் வையுங்கள்.

சணல் சாக்கு: தளர்ந்த நெசவாக இருந்தால் பரவாயில்லை. யூரியா வந்த பிளாஸ்டிக் சாக்கு வேண்டவே வேண்டாம்.

மூங்கில் கூடை, பனையோலைப் பெட்டி: வீட்டில் இருந்தால் செலவே இல்லை.

ஐந்தாறு கிலோதான் விளைந்தது என்றால் எதையும் விலைக்கு வாங்காதீர்கள், கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது. வெங்காயம் மலிவாக இருக்கும் மாதத்தில் இந்தச் செலவு வீண் என்று தோன்றும். 2019 டிசம்பரில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதே, அந்த மாதிரி நேரத்தில் பரணைப் பார்த்துக்கொள்ளலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, வெங்காயத்துக்குச் சூடு பிரச்சினையில்லை. நம் ஊர் 25, 30 டிகிரியில் நன்றாகவே தூங்கும். பத்து முதல் இருபது டிகிரி குளிர்ச்சியில்தான் வேகமாக முளைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் அதனால்தான் அதிக நாள் வைக்க முடியாது. ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டும் ஆகாது, ஈரம் ஏறும், வெளியே எடுத்ததும் முளைக்கும். எதிரி ஈரம்தான். தொட்டித் தண்ணீர் தெறிக்கும் இடம், பாத்திரம் கழுவும் மேடைக்கு அடியில், குளியலறைச் சுவரை ஒட்டி, இங்கெல்லாம் வைக்காதீர்கள். உருளைக்கிழங்குக் கூடையோடு சேர்த்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கிழங்கிலிருந்து வரும் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும், இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பெரிய அளவில் யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிலம் வைத்து வெங்காயம் போடுபவர்கள் சேமிப்புக் கூடம் கட்டத் தோட்டக்கலைத் துறை மூலம் மானியம் கிடைக்கும். கணக்கு டன்னில்தான், எங்களைப் போலக் கிலோவில் விளைவிப்பவர்களுக்குப் பொருந்தாது. வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். போகும்போது சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் கையோடு இருக்கட்டும். மானியத் தொகையும் விதிமுறையும் திட்டத்துக்குத் திட்டம் மாறும், அதனால் இந்த ஆண்டு நிதி இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். அனுமதி கைக்கு வருவதற்கு முன் கட்டடத்தைத் தொடங்காதீர்கள், கட்டிய பிறகு போய்ப் பணம் கேட்க முடியாது.

10. வைத்த பிறகும் வேலை உண்டு

முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் மூக்கை நம்புங்கள். சாதாரண வெங்காய வாசனைக்கும் அழுகல் நாற்றத்துக்கும் வித்தியாசம் கதவைத் திறந்ததுமே தெரியும். தெரிந்த அன்றே கொட்டிப் பொறுக்குங்கள். ஈரம் பட்டிருக்கும் பக்கத்துக் காய்களைத் துணியால் துடைத்து அரைநாள் காற்றில் போட்டுவிட்டுச் சேருங்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். காற்றின் ஈரம் ஏறும், இரவில் குளிரும். அடியில் வெள்ளை வெள்ளையாக வேர் முளைத்தால் இடம் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம், உயரத்துக்கோ ஃபேன் இருக்கும் அறைக்கோ மாற்றுங்கள். பச்சை முளை வந்தது தின்ன ஆகாதது இல்லை. காய் சுருங்குவதற்குள் சமைத்துவிடுங்கள், அல்லது ஒரு தொட்டியில் ஊன்றினால் பத்துப் பதினைந்து நாளில் பொரியலுக்குத் தாள் கிடைக்கும்.

நன்றாகக் காய்ந்த சின்ன வெங்காயம் வீட்டில் மூன்று நான்கு மாதம் தாராளமாக நிற்கும். சேதமே இல்லாமல் ஒரு காய்கூடக் கெடாமல் வைத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

11. விதைக்காயைத் தனியாக எடுத்து வைப்பது

அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் வேண்டும் என்றால் அதைச் சமையலுக்கு எடுக்கும் கூடையில் சேர்க்காதீர்கள், நல்ல காயெல்லாம் சாம்பாருக்குப் போய் நோஞ்சான்தான் மிஞ்சும். நடுத்தர அளவுக் காயாக, நோய் தட்டாத கொத்திலிருந்து, தாளோடு கட்டித் தேதி எழுதித் தொங்கவிடுங்கள். வீட்டுத் தோட்டத்தில் ஒரு கிலோ ஊன்றி ஐந்தாறு கிலோ வந்தாலே நல்ல விளைச்சல் என்று கணக்கு வைத்து, எத்தனை கிலோ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

பிடுங்கின சூட்டோடு மறுபடி ஊன்ற வேண்டாம். புதுக் காய் உறக்கத்தில் இருக்கும், சரியாக முளைக்காமல் பாத்தியில் அங்கங்கே சொட்டை விழும். இரண்டு மூன்று மாதம் கிடக்கட்டும். பங்குனியில் எடுத்தது ஆடிக்குச் சரியாக இருக்கும். ஆடி முதல் வாரத்திலேயே ஊன்றிவிடுங்கள்.